சமூக ஊடகமும் அறக்கொடையும்

ஒரு சமுதாயத்தின் பொதுப்பணிகளுட் சில அரசினால் நடைபெறுவன. சில செல்வர் தனித்து நின்று செய்வன. எஞ்சியவை பலர் கூடிச் சிறிது சிறிதாக ஈந்து நிறைவேற்றுவன. ஈழத்துச் சைவக் கல்விச்சாலைகள் பெரும்பாலும் இம்மூன்றாம் வழியில் வளர்ந்தவை. ஆறுமுக நாவலர் 1848ஆம் ஆண்டில் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். அடுத்த ஆண்டே அச்சியந்திரம் ஒன்றைச் சென்னையிலிருந்து கொணர்ந்து அங்கு அமைத்தார். 1877ஆம் ஆண்டு யாழ்ப்பாணத்தைப் பஞ்சம் வருத்தியபோது கஞ்சித்தொட்டித் தருமத்தை நடத்தியவரும் அவரே. 1888இல் தோன்றிய சைவபரிபாலன சபை மறு ஆண்டே இந்துசாதனம் என்னும் பத்திரிகையைத் தொடங்கிற்று. இவற்றை ஒருங்குவைத்து நோக்குவார்க்கு ஓர் உண்மை புலனாகும். எம் முன்னோர் அறப்பணியையும் அக்காலத்துப் புதுக்கருவியாகிய அச்சையும் பிரித்து வைத்தாரல்லர். பள்ளிக்குப் பக்கத்தே அச்சகம் இருந்தது. சபைக்குத் துணையாகப் பத்திரிகை இருந்தது.

இக்காலத்துப் புதுக்கருவி சமூக ஊடகம். முகநூல், வட்ஸ்அப், யூடியூப், இன்ஸ்டகிராம் முதலியவை இன்று இளைஞரிடம் மாத்திரமன்றி முதியோரிடத்தும் பரவியுள்ளன. பழைய மாணவர் சங்கம் ஒவ்வொன்றும், ஏன், ஒவ்வோர் ஆண்டு மாணவர் அணியும், தனக்கென ஒரு வட்ஸ்அப் குழுவை உடையதாயிருக்கின்றது. அக்குழுக்களிற் காலை வணக்கமும் பிறந்தநாள் வாழ்த்தும் நாடோறும் பரிமாறப்படுகின்றன. இடையிடையே, உதவி வேண்டி வரும் விண்ணப்பங்களும் தோன்றி மறைகின்றன. இக்கருவியை அறச் சங்கங்கள் எவ்வாறு முறையாகக் கையாளலாம், எங்கே அது துணைபுரியும், எங்கே இடறும் என்பவற்றை ஆராய்தலே எமது நோக்கம்.

முதற்கண் இக்கருவியின் இயல்பை அறிதல் வேண்டும். பத்திரிகையில் வரும் விண்ணப்பம் ஒருவர் சொல்லப் பலர் கேட்பது. சமூக ஊடகத்தில் வரும் விண்ணப்பமோ அறிந்தவர் ஒருவர் அறிந்த மற்றொருவருக்குக் கைமாற்றுவது. எனவே, அது இரண்டு ஆற்றல்களை உடையது. ஒன்று விரைவு, வெள்ளவத்தையிற் காலையில் எழுதப்பட்டது மாலைக்குள் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் படிக்கப்படும். மற்றொன்று உறவு, முன்பின் அறியாத சங்கம் கேட்பதினும், உடன் கற்ற தோழன் கேட்பது நெஞ்சைத் தொடும். ஆயினும், இவ்விரு ஆற்றல்களும் ஈட்டித் தருவது மக்களின் கவனத்தை மாத்திரமே. கவனம் கொடையாக மாறுவதற்கு வேண்டப்படுவது நம்பிக்கை. நம்பிக்கையை எந்த ஊடகமும் ஆக்கித் தராது. அதனைச் சங்கம் தன் ஒழுக்கத்தால் ஈட்டல் வேண்டும். இவ்வேறுபாட்டை மறந்தமையே பல முயற்சிகள் ஆரவாரத்தோடு எழுந்து அரவமின்றி அடங்குதற்குக் காரணம் என்பது எமது கருத்து.

அண்மை உதாரணங்கள் சிலவற்றை நோக்குவோம். பொரளையில் உள்ள சீமாட்டி ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலை இந்நாட்டின் தலையாய சிறுவர் வைத்தியசாலையாகும். வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் மலையகத்திலிருந்தும் நோயுற்ற பிள்ளைகளோடு வரும் பெற்றோரை அதன் வாயிலில் என்றும் காணலாம். உயிருடன் பிறக்கும் ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ எட்டுக் குழந்தைகள் பிறவியிலேயே இருதயக் குறையுடன் பிறக்கின்றன என்பது உலகளாவிய கணிப்பு. அத்தகைய பிள்ளைகளுக்கென அவ்வைத்தியசாலையில் இருதய சிகிச்சைக்கும் தீவிர சிகிச்சைக்கும் உரிய கட்டடத் தொகுதி ஒன்றை அமைத்தற்கு, இலங்கைச் சிறுவர் மருத்துவ நிபுணர் கல்லூரி ‘லிற்றில் ஹார்ட்ஸ்’ என்னும் பெயரில் நிதி இயக்கமொன்றை முன்னெடுத்தது. இருநூறு கோடி ரூபா அதன் இலக்கு. எடுத்த எடுப்பில் இத்தொகை மலைப்பைத் தரும். ஆனால், கேட்டவர் யார்? நாடோறும் அப்பிள்ளைகளுக்கு மருத்துவம் செய்யும் வைத்தியர்கள். எதற்காகக் கேட்டனர்? கண்ணாற் காணத்தக்க ஒரு கட்டடத்துக்காக. கேட்பவரின் தகுதியும் கேட்கும் பொருளின் தெளிவும் ஒன்று கூடிய இடத்து, பெருந்தொகையும் மக்களால் எண்ணிப் பார்க்கத்தக்க தொகை ஆகின்றது.

இரண்டாவது உதாரணம் ‘ட்ரெயில்’ என்னும் நடைப்பயணம். நாதன் சிவகணநாதன், சரிந்த உனம்புவே என்னும் இருவர் 2011ஆம் ஆண்டு ஜூலையில் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாள்களில் 670 கிலோமீற்றர் நடந்தனர். தெல்லிப்பழையிற் புற்றுநோய் வைத்தியசாலை ஒன்றை அமைத்தற்கு அந்நடையினால் இருபது இலட்சம் அமெரிக்க டொலருக்கு மேல் திரண்டது. 2016இல் அதே இயக்கத்தினர் வடமுனையிலிருந்து தென்முனைக்குத் திரும்ப நடந்தனர். இம்முறை காலி கராப்பிட்டியவிற் புற்றுநோய் வைத்தியசாலை அமைத்தல் நோக்கமாயிற்று. தெற்கிலே தொடங்கி வடக்குக்கு ஈந்ததும், வடக்கிலே தொடங்கித் தெற்குக்கு ஈந்ததும் ஆகிய இம்முறைமையின் அழகு ஒருபுறம் இருக்க, நாம் கற்கத்தக்க பாடம் வேறொன்று. நடை ஒருநாட் செய்தியன்று. ஏறத்தாழ ஒரு மாதம் நாடோறும் புதிது புதிதாக வரும் செய்தி. இன்று இவ்வூரை அடைந்தனர், நாளை அவ்வூர் என மக்கள் இணையத்தின் வழியே உடன் நடந்தனர். ஊடகத்துக்கு வேண்டப்படுவது ஒருமுறை எழுப்பும் ஓலம் அன்று. தொடர்ந்து வளரும் செயல்.

மூன்றாவது, கடல் கடந்த தமிழர் முயற்சி. அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திலே தமிழ் இருக்கை அமைத்தற்கு அறுபது இலட்சம் டொலர் வேண்டியிருந்தது. வைத்தியர்களாகிய ஜானகிராமன், திருஞானசம்பந்தம் என்னும் இருவர் 2015இல் இருவருமாகப் பத்து இலட்சம் டொலர் ஈந்து தொடக்கி வைத்தனர். தமிழ்நாட்டு அரசு 2017இற் பத்துக் கோடி இந்திய ரூபா அறிவித்தது. எஞ்சியதைப் பல நாட்டுத் தமிழரும் பெரிதும் சிறிதுமாக ஈந்தனர்; 2018இல் இலக்கு நிறைவெய்திற்று. இங்கே நோக்கத்தக்கது, கேட்க முன்வந்தவர்கள் முதலில் தாம் ஈந்தனர் என்பதே. சங்கத்தின் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் தம் பெயரைக் கொடையாளர் பட்டியலில் இடாமற் பிறரை இடச் சொல்வது பயன் தாராது.

இனி, கேட்கும் முறையை ஆராய்வோம். 2007ஆம் ஆண்டு டெபோரா ஸ்மோல், ஜோர்ஜ் லோவென்ஸ்டீன், போல் ஸ்லோவிக் என்னும் ஆய்வாளர் மூவர் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டனர். கையில் ஐந்து டொலர் கொடுக்கப்பட்ட மக்களுட் சிலருக்கு, ஆபிரிக்காவிற் பசியால் வாடும் இலட்சக்கணக்கானோரைப் பற்றிய புள்ளிவிவரம் காட்டப்பட்டது. வேறு சிலருக்கு மாலி நாட்டுச் சிறுமி ஒருத்தியின் படமும் அவள் நிலையும் காட்டப்பட்டன. புள்ளிவிவரம் கண்டவர் சராசரியாக 1.14 டொலரும், சிறுமியைக் கண்டவர் 2.38 டொலரும் ஈந்தனர். இரண்டையும் ஒருங்கே கண்டவர் ஈந்தது 1.43 டொலரே. பெருந்துயரைத் தொகையாகக் கேட்கும்போது மனம் சோர்கின்றது. ஒருவர் துயரைக் காணும்போது கை நீள்கின்றது. ஆதலின், விண்ணப்பம் எழுதுவோர் ஒரு தேவை, ஒரு தொகை, ஒரு முடிவு நாள் என்னும் மூன்றையும் வரையறுத்து எழுதுதல் நன்று.

எனினும், இவ்வாய்விலே ஒரு பெரும் ஆபத்தும் ஒளிந்திருக்கின்றது. ஒரு பிள்ளையின் முகத்தைக் காட்டினால் நிதி பெருகும் என்று அறிந்த சங்கம், அழும் பிள்ளையின் முகத்தைத் தேடிச் செல்லத் தொடங்கும். நோய்ப்படுக்கையிற் கிடக்கும் சிறுவனின் படம் இணையத்தில் ஏறியபின் அதனை மீளப் பெறுதல் எளிதன்று. அவன் நோய் நீங்கி, வளர்ந்து, கல்லூரிக்குச் செல்லும் காலத்தும் அப்படம் அவனைத் தொடரும்; உடன் கற்கும் பிள்ளைகள் அதனைக் காண்பர். ஈவோர் ஒரு நாள் கொடுத்ததற்கு, ஏற்றோர் வாழ்நாள் முழுவதும் மானத்தால் விலை செலுத்தலாமோ? இந்நாட்டிலே 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டுள்ளது. ஆனால், சட்டம் ஒன்று இருப்பதற்காக மாத்திரமன்றி, அறம் என்பதற்காகவே இதனை நாம் பேணல் வேண்டும். பெயரும் முகமும் இன்றியும் ஒரு தேவையைத் தெளிவாகக் கூறலாம். பதுளையிலிருந்து பிள்ளையோடு பொரளைக்கு வரும் தாய்க்கு அரச வைத்தியசாலையிற் சிகிச்சை இலவசமாகவே கிடைக்கின்றது. ஆயினும், பேருந்துக் கட்டணம், கொழும்பில் இரவு தங்கும் இடம், உணவு, வேலைக்குச் செல்லாமையால் இழக்கும் நாட்கூலி என்பன அவளைச் சேர்ந்தவையே. ஒரு பயணத்துக்கு இவ்வளவு, ஆண்டுக்கு இத்தனை பயணம் என்று எழுதினாற் படிப்பவர் மனத்தில் அத்தாய் தானே எழுந்து நிற்பாள். அவள் படம் வேண்டுவதில்லை.

ஊடகத்தின் வேகத்தைப் பற்றியும் கூறுதல் வேண்டும். 2014ஆம் ஆண்டு கோடையில், தலையிற் பனிநீரைக் கொட்டிக்கொண்டு தோழர் மூவரை அவ்வாறே செய்ய அழைக்கும் விளையாட்டு ஒன்று உலகெங்கும் பரவிற்று. ஏ.எல்.எஸ். என்னும் நரம்பு நோய்க்காக உழைக்கும் அமெரிக்கச் சங்கத்துக்கு எட்டு வாரத்தில் ஏறத்தாழ பதினொரு கோடியே ஐம்பது இலட்சம் டொலர் சேர்ந்தது. அப்பணத்தின் ஒரு பகுதி ஆராய்ச்சிக்குச் சென்று, 2016இல் அந்நோயோடு தொடர்புடைய மரபணு ஒன்றைக் கண்டறிய உதவிற்று என்பது மகிழ்ச்சிக்குரியது. ஆனால், அடுத்த ஆண்டு அவ்வேகம் மீளவில்லை. தீப்பந்தம் போல எழுந்த கொடை தீப்பந்தம் போலவே தணிந்தது. இதற்கு முந்திய ஆண்டில், 2013இல், சுவீடன் நாட்டு யுனிசெவ் நிறுவனம் முகநூலில் இடும் விருப்பக்குறியால் எப்பிள்ளைக்கும் தடுப்பூசி கிடைக்காது என்று வெளிப்படையாகவே விளம்பரம் செய்தது. விருப்பக்குறி இட்டவுடன் தம் கடமை தீர்ந்ததாக மனம் அமைதியுறுவது மனித இயல்பு. அவ்வமைதியைக் குலைத்து அடுத்த படிக்கு அழைத்துச் செல்வதே சங்கத்தார் கடன்.

அவ்வடுத்த படி யாது? எம் பாட்டிமார் அறிந்திருந்த பிடியரிசி முறையே. உலையில் இடுமுன் ஒரு பிடி அரிசியைப் புறம்பாக எடுத்து வைக்கும் இல்லத்தில் அது எவர்க்கும் சுமையாவதில்லை. மாத முடிவில் ஊர் முழுவதும் திரட்டினால் அது ஒரு மூட்டையாகும். இதே முறையை வங்கியின் நிலையியற் கட்டளையால் இன்று செய்யலாம். ஒரு சங்கத்தில் நானூறு பேர் மாதந்தோறும் ஐந்நூறு ரூபா வீதம் ஈந்தால், மாதம் இரண்டு இலட்சம், ஆண்டுக்கு இருபத்துநான்கு இலட்சம் ரூபாவாகும். அத்தொகை வரும் என்று முன்கூட்டியே அறிந்தாற் சங்கம் திட்டமிடலாம். ஒரு மாணவனின் பல்கலைக்கழகச் செலவை நான்கு ஆண்டுக்கும் ஏற்றுக்கொள்ளலாம். ஒரே நாளில் இருபது இலட்சம் சேர்ந்து மறு ஆண்டு ஒன்றும் சேராத சங்கமோ அத்தகைய வாக்கை எவர்க்கும் அளிக்க இயலாது. சமூக ஊடகத்தைக் கொண்டு புதியவரை அழைத்தலும், அழைத்தவரை மாதக் கொடையாளராக்குதலும், ஆக்கியவரை ஆண்டுகளாகத் தொடர்பிற் பேணலுமே நிலைத்த பயனைத் தரும்.

இனி, எல்லாவற்றுக்கும் அடித்தளமாகிய நம்பிக்கைக்கு வருவோம். வட்ஸ்அப்பிற் சுற்றும் விண்ணப்பங்களுட் பலவற்றில் நாள் இல்லை. சங்கத்தின் பெயர் இல்லை. தனியொருவரின் வங்கிக் கணக்கிலக்கம் மாத்திரம் இருக்கின்றது. குருதி வேண்டும் என்று வந்த செய்தி, தேவை தீர்ந்து பல மாதம் கழிந்த பின்னும் ஊரைச் சுற்றிக்கொண்டிருக்கும். நாரஹேன்பிட்டியிற் தேசிய குருதி மத்திய நிலையம் இருக்கவும், அங்கு வினவாமலே அச்செய்தியை நாம் கைமாற்றுகின்றோம். பொய்யான விண்ணப்பம் ஒன்றினால் இழக்கப்படுவது அன்று கொடுத்த ஆயிரம் ரூபா மாத்திரமன்று. அடுத்து வரும் மெய்யான தாய்க்குக் கிடைக்கவேண்டிய ஆயிரமும் அதனோடு போகின்றது. ஒருமுறை ஏமாந்த கை மறுமுறை நீளுவதில்லை.

ஆகவே, கீழ்வரும் ஒழுங்குகளைச் சங்கங்கள் கைக்கொள்ளல் நன்று. முதலாவது, சங்கம் சட்டப்படி பதிவு பெற்றிருத்தல். 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கத் தன்னார்வ சமூக சேவை அமைப்புகள் சட்டத்தின் கீழேனும், 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனியாகவேனும், நம்பிக்கைப் பொறுப்பாகவேனும் அது அமையலாம். பதிவிலக்கம் ஒவ்வொரு விண்ணப்பத்திலும் காணப்படல் வேண்டும். இரண்டாவது, பணம் சங்கத்தின் பெயரிலுள்ள வங்கிக் கணக்குக்கே வருதல். அதனை எடுப்பதற்கு இருவர் கையொப்பம் வேண்டப்படுதல். வெள்ளவத்தைக் கடைகளிலே காணப்படும் லங்கா கியூ.ஆர். குறியீடு போன்றதொன்றைச் சங்கமும் தன் வங்கி வழியாகப் பெற்றுக்கொண்டால், நூறு ரூபா ஈவோரும் கூச்சமின்றி ஈவர். முகநூலின் நன்கொடைப் பொத்தான் எல்லா நாட்டுச் சங்கங்களுக்கும் கிடைப்பதன்று. ஆதலின், அதனையே நம்பியிருத்தல் ஆகாது. மூன்றாவது, ஒவ்வொரு கொடைக்கும் பற்றுச்சீட்டு அனுப்புதல். நான்காவது, விண்ணப்பத்தின் தலைப்பில் நாளும், இலக்கு நிறைவெய்தியதும் ‘இவ்விண்ணப்பம் முடிவுற்றது’ என்னும் அறிவித்தலும் இடுதல். ஐந்தாவது, தமிழ், சிங்களம், ஆங்கிலம் ஆகிய மும்மொழியிலும் எழுதுதல். சிறுவர் வைத்தியசாலையிற் பிள்ளையின் இருதயத்துக்கு மொழி வேறுபாடு இல்லை. கொடுப்பவர்க்கும் அது வேண்டுவதில்லை.

வெளிநாட்டிலுள்ள பழைய மாணவர் கிளைகளுக்கும் ஒரு சொல். ஐக்கிய இராச்சியத்திற் பதிவுபெற்ற அறநிறுவனத்துக்கு வருமான வரி செலுத்தும் ஒருவர் ஒரு பவுண் ஈந்தால், ‘கிவ்ற் எய்ட்’ என்னும் முறையின் கீழ் அந்நிறுவனம் அரசிடமிருந்து மேலும் 25 பென்ஸ் பெறலாம். அதே பவுணைத் தனியொருவர் கையில் நேரே அனுப்பினால் அக்காற்பங்கு இழக்கப்படும். ஆகவே, கிளைகள் தத்தம் நாட்டு முறைப்படி பதிவு பெற்று, அங்கு திரட்டித் தாய்ச் சங்கத்துக்கு அனுப்புதலே சிறந்தது.

இவை யாவற்றிலும் மேலானது கணக்குரைத்தல். பணம் கேட்டு நாளொன்றுக்கு மூன்று செய்தி அனுப்பும் சங்கங்கள், பணம் என்னாயிற்று என்று ஆண்டுக்கு ஒன்று தானும் அனுப்பாமை பெருங்குறை. வரவு இவ்வளவு, செலவு இவ்வளவு, கையிருப்பு இவ்வளவு என்று கணக்குப் பரிசோதகர் கையொப்பத்தோடு முகநூலில் இட்டால் அதற்கு விருப்பக்குறி அதிகம் கிடையாது. ஆனால், அடுத்த ஆண்டு கொடை அதனாலேயே வரும். முயற்சி பலிக்காதவிடத்து அதனையும் மறையாது கூறல் வேண்டும். கட்டடம் தாமதித்தால் ஏன் தாமதித்தது, கருவி வாங்கப்படாவிடிற் பணம் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்பவற்றை அறியும் உரிமை நூறு ரூபா ஈந்தவர்க்கும் உண்டு.

திருக்குறளின் அதிகார அடைவு இங்கு நினைக்கத்தக்கது. வள்ளுவர் 22ஆம் அதிகாரத்தில் ஒப்புரவறிதலையும், 23இல் ஈகையையும், 24இற் புகழையும் வைத்தார். ஊரோடு ஒத்து உதவும் உணர்வு முதலிற் பிறக்க, அதிலிருந்து கொடை விளைய, புகழ் இறுதியில் வருகின்றது. சமூக ஊடகத்தின் பெருஞ் சோதனை இவ்வடைவைத் தலைகீழாக்குவதே. பரிசுப்பொதியைப் பெறுபவரை நடுவில் நிறுத்தி, ஈவோர் சூழ நின்று எடுக்கும் படத்தில் முதலில் நிற்பது புகழ். ஒப்புரவு எங்கோ பின்னே மறைந்து நிற்கின்றது. அடைவு மாறாமற் காக்கும் சங்கத்துக்கு ஊடகம் நல்ல ஏவலாளாக அமையும்.

இம்மலரைப் படிக்கும் மூவகையினரும் இப்பணியிற் பங்கு கொள்ளலாம். பழைய மாணவர் தம் குழுக்களிலே வரும் விண்ணப்பத்தைக் கைமாற்றுமுன் நாளையும் பதிவிலக்கத்தையும் பார்த்து, மெய்யென அறிந்தால் தாமும் ஈந்து பின் அனுப்புக. மாணவர் மும்மொழியில் எழுதவும், படம் எடுக்கவும், கணக்கைத் தெளிவான அட்டவணையாக அமைக்கவும் வல்லவர். அவர் திறமையைச் சங்கம் நாடுக. ஆசிரியர் எப்பிள்ளைக்கு எவ்வுதவி வேண்டும் என்பதை எவரினும் நன்கறிவர். அப்பிள்ளையின் பெயரை வெளியிடாமலே அவ்வுதவியைச் சேர்ப்பிக்கவும் அறிவர்.

கஞ்சித்தொட்டிக்கும் கைத்தொலைபேசிக்கும் இடையே ஒன்றரை நூற்றாண்டு கடந்துவிட்டது. கேட்கும் கருவி மாறியிருக்கின்றது. கேட்டதற்குக் கணக்குச் சொல்லும் கடன் மாறவில்லை. அக்கடனை வழுவாது ஆற்றும் சங்கத்துக்குக் கொடுப்போர் என்றும் குறையார்.